மத்தியானத்தில் அவித்த புட்டு

என் மனைவி விருந்துக்கு நாலு கறிக்கு மேல் வைக்கமாட்டாள். ஏழு கறி, ஒன்பது கறி என்று அடுக்குகிற வீடுகளில் நாங்களும் சாப்பிட்டிருக்கிறோம். திரும்பி வரும் வழியில், "எது நல்லா இருந்தது, சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்பாள். எனக்குச் சொல்லத் தெரியாது. "அதுதான். எல்லாம் இருந்தது, ஒண்டும் நாக்கிலை நிக்கேல்லை" என்பாள்.

அவளுடைய நாலு கறிகளும் கோப்பாயில் எங்கள் வளவிலும் பக்கத்துத் தோட்டங்களிலும் கிடைப்பவைதான். கத்தரிக்காயை நல்லெண்ணெயில் பொரித்து, கெட்டித் தேங்காய்ப் பாலில் ஒரு கொதி விட்டு இறக்குகிற குழம்பு. வாழைக்காய்ப் பால்கறி. தேங்காய்ப்பூப் போட்ட முருங்கையிலை வறை. கடைசியாகத் தேங்காய்ப் பாலில் தண்ணீராக வைக்கிற சொதி. சொதியை இறக்கி, சூடு தணிந்த பிறகுதான் தேசிக்காய்ப் புளி பிழிவாள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் பால் திரைந்துவிடும். விருந்தினர் கை கழுவ எழும்புகிற நேரம் பார்த்து, கத்தரிக்காய்க் குழம்பின் மேல் வறுத்த பெருஞ்சீரகத் தூளைக் கொஞ்சம் தூவுவாள். அந்த வாசம் குசினியிலிருந்து விறாந்தைக்கு வந்தால் எவ்வளவு முக்கியமான கதையும் பாதியில் நின்றுவிடும். எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போனவர்கள் வருடக்கணக்காக அதைப் பற்றிக் கதைத்தார்கள்.

அப்படிப்பட்டவளுடைய சொந்த அண்ணன் ஒன்பது வருடம் அவள் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. அதற்குக் காரணம் நான். எனக்கு இப்போது வயது எண்பதை நெருங்குகிறது. இதை எழுதி வைக்காமல் போனால், அது அவருடைய பிடிவாதம் என்றுதான் எங்கள் சொந்தக்காரர் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நான் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தவன். படிப்பிப்பதைவிடப் பகிடிக்குத்தான் எனக்குப் பெயர். ஆசிரியர் அறையில் நான் வாயைத் திறந்தால் மற்றவர்கள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருந்தது. யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்பதை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை.

எண்பத்து நாலாம் ஆண்டு மனைவியின் அண்ணன் கொடிகாமத்தில் புது வீடு கட்டிக் குடிபுகுந்தார். அவருக்குத் தென்னந்தோட்டம் இருந்தது. கொஞ்சம் வயது போன பிறகுதான் கலியாணம் செய்தார், அளவெட்டிப் பெண். கலியாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. முறைக்கு அந்தப் பெண் எனக்குத் தங்கச்சி. என்னை "அண்ணை" என்றுதான் கூப்பிடுவாள். ஒரு சனிக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு என்னையும் பாடசாலை நண்பர்களையும் மச்சான் அழைத்தார். காலை ரயிலில் போனோம். என் மனைவிக்குக் காய்ச்சல், அவள் வரவில்லை.

புட்டும் கறியும் வந்தன. முதலில் போட்ட புட்டு நன்றாகவே இருந்தது. இரண்டாம் தரம் வந்தது இறுகிப்போய்க் கட்டி கட்டியாக இருந்தது. நான் ஒரு கட்டியை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி உயர்த்தினேன்.

"மச்சான், புதுக் கிணறு கட்டக் கல்லுத் தேடித் திரியிறியள் எண்டு கேள்விப்பட்டன். கல்லு உங்கடை குசினியிலையெல்லோ இருக்கு!"

நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவருக்குப் புரைக்கேறி நான்தான் முதுகில் தட்டினேன். அந்தப் பெண் கையில் நீத்துப்பெட்டியோடு நின்றாள். புட்டு அவிக்கிற அந்த ஓலைப்பெட்டியை அப்படியே கொண்டு உள்ளே போனவள் பிறகு வெளியே வரவில்லை. மச்சான் எல்லோருக்கும் வாழைப்பழம் கொடுத்தார். ரயில் நிலையம்வரை வந்து வழியனுப்பினார்.

உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பகிடியை வெளியே கொண்டுபோனார். ஒரு வாரத்துக்குள் அந்த வீட்டுக்குக் "கல்லுப்புட்டு வீடு" என்று பட்டம் விழுந்துவிட்டது. எங்கள் ஊர்களில் பட்டம் ஒருமுறை ஒட்டினால் ஒட்டியதுதான். கொடிகாமம் சந்தையில் அந்தப் பெண் மரக்கறி வாங்க நின்றால் பின்னால் யாராவது மெல்லச் சொல்லிச் சிரிப்பார்கள். இதெல்லாம் என் காதுக்கும் வந்தது. உள்ளே எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அதன் பிறகு மச்சான் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. எங்கள் பக்கத்தில் கோபம் என்று வாயால் சொல்லமாட்டார்கள். வருவார்கள், போவார்கள், சுகம் விசாரிப்பார்கள்; கை மட்டும் நனைக்கமாட்டார்கள். எல்லோருக்கும் விளங்கிவிடும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மச்சான் சைக்கிளில் வருவார். வாசல் படலையடியில் ஒரு காலை ஊன்றியபடி நின்று, தங்கச்சிக்குக் கொண்டுவந்த தேங்காயையோ வாழைப்பழத்தையோ நீட்டுவார்.

"உள்ளை வாங்கோவன் அண்ணை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

"இப்பத்தான் குடிச்சிட்டு வாறன், தங்கச்சி."

கொடிகாமத்திலிருந்து அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்தவர் எங்கே குடித்திருக்கப் போகிறார்? அவள் பையை வாங்கிக்கொண்டு உள்ளே வருவாள்.

"ஒருக்காப் போய் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாங்கோ" என்று என்னிடம் கேட்டாள். "பகிடி விளங்காத ஆக்களோடை நான் என்னத்தைக் கதைக்கிறது?" என்றேன். மூன்றாம் வருடத்தோடு கேட்பதை விட்டுவிட்டாள். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தொண்ணூற்று மூன்றில் அவளுடைய அம்மா கொடிகாமத்தில் இறந்தபோது, அவளுக்கென்று மிஞ்சியது அந்த ஒரு அண்ணன்தான். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கலைகிற நேரம் அவள் அவரிடம் நேரே போய்க் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து எனக்கு அதைச் சொன்னாள்.

"அண்ணையையும் மச்சாளையும் வாற ஞாயிறு மத்தியானம் சாப்பிட வரச்சொன்னனான்."

"என்னவாம்?"

"'வாறன். சாப்பாடு பிறகு பாப்பம்' எண்டவர்." "இந்தமுறையும் கை நனைக்காமல் போனாரெண்டால் நான் இனிக் கேக்கமாட்டன். எனக்கு அண்ணை இல்லையெண்டு இருந்திடுவன்."

இருபத்திரண்டு வருட வாழ்க்கையில் அவள் இவ்வளவு முடிவாக ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை.

போரும் பொருளாதாரத் தடையுமான காலம். சீனி இல்லை, சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் மருந்துபோலக் கிடைக்கும். நான் அவசரப்பட்டேன். கடற்கரைப் பக்கம் தெரிந்த ஒருவரிடம் சொல்லி நல்ல நண்டும் கணவாயும் எடுப்பிக்கிறேன் என்றேன்.

"அண்ணை மச்சம் சாப்பிடுறதை விட்டு ரெண்டு வருசம்" என்றாள். "உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை."

அப்படியானால் மரக்கறியிலாவது பத்து வகை வைப்போம் என்றேன்.

"விசர்க் கதை கதையாதேங்கோ. பத்து வைச்சா, காட்டுறதுக்கு வைச்ச மாதிரி இருக்கும். நாலு போதும். சோறும் நாலு கறியும்."

"புட்டு மட்டும் வேண்டாம்" என்றேன்.

"நானென்ன, புட்டு வைப்பனே?" என்று முறைத்துவிட்டுப் போனாள். அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் புட்டு என்ற சொல்லையே நாங்கள் இருவரும் சொல்லவில்லை.

ஞாயிறு விடிய எழும்பி நான் முற்றம் கூட்டினேன். தலைவாழை இலைகளை வெட்டிக் கிணற்றடியில் கழுவி வைத்தேன். தேங்காய்ப் பொச்சுமட்டையும் விறகும் அடுக்கிக் கொடுத்தேன். அவள் கத்தரிக்காயைப் பொரித்து எடுக்கும்போது, எண்ணெய் வடிய வடிய ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் பார்த்துத்தான் சட்டியில் போட்டாள். வறைக்கு முருங்கையிலையை இரவே காம்பு களைந்து வைத்திருந்தாள். பத்து மணிக்கு முன்பே நாலு கறியும் மூடித் தயாராக இருந்தன. சோறு மட்டும் அவர்கள் வந்த பிறகு, சுடச்சுட இறக்குவது என்று உலை வைத்தாள்.

ஒரே சைக்கிளில் இருவரும் வந்தார்கள். மச்சானின் மனைவி பின் கரியரில் ஒரு பை மாம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவள் எங்கள் வளவுக்குள் கால் வைக்கிறாள். நெற்றியோரத்தில் நரை தெரிந்தது. என்னைப் பார்த்து "சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டாள். அண்ணை என்று சொல்லவில்லை. கால் கழுவிவிட்டு நேரே குசினிக்குப் போனாள்.

மச்சான் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தார். என் மனைவி தேத்தண்ணியும் கடிக்க ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

"வை தங்கச்சி. பிறகு குடிக்கிறன்."

அவள் என்னைப் பார்க்காமல் திரும்பிப் போனாள். நாங்கள் மழையைப் பற்றிக் கதைத்தோம். தென்னைக்கு வந்த வண்டைப் பற்றிக் கதைத்தோம். தேத்தண்ணியில் ஆடை படர்ந்தது. அவர் அதன் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. குசினியில் பெண்கள் கதைப்பது தெளிவாகக் கேட்டது.

"மச்சாள், அரிசி போட்டிட்டியளோ?"

"இல்லை, உலை இப்பத்தான் கொதிக்குது."

"அப்ப அரிசியை விடுங்கோ. வறுத்த மா இருக்கோ?"

பிறகு என் மனைவியின் குரல். "மா இருக்கு. ஏன் மச்சாள்?"

"புட்டு அவிப்பம்."

"மத்தியானத்திலையோ?"

"மத்தியானத்திலைதான்."

புட்டு காலைக்கும் இரவுக்கும் உரியது. விருந்துக்கு வந்தவள், மத்தியானத்தில், ஆயத்தமான சமையலை நிறுத்திப் புட்டு அவிக்கிறாள் என்றால் அது பசிக்காக இல்லை. மச்சான் முற்றத்து மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி வாசலில் வந்து நின்று, "தேங்காய் திருவித் தாங்கோ" என்றாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

நான் குசினியில் திருவலையில் உட்கார்ந்து தேங்காய் திருவினேன். மச்சானின் மனைவி எனக்குப் பக்கவாட்டில் இருந்து, மாவில் கொதிதண்ணீர் விட்டு அகப்பைக் காம்பால் குழைத்தாள். பிறகு ஒரு தகரப் பேணியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் விளிம்பால் மாவைக் கொத்தத் தொடங்கினாள். கொத்தக் கொத்த மா சிறு சிறு மணியாக விழுந்தது. எனக்கு அவள் கையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"தேங்காய்ப்பூ இன்னும் கொஞ்சம் வேணும்" என்றாள்.

"ஓம் தங்கச்சி."

சரியாகப் பன்னிரண்டரைக்கு அவள் கூடத்தில் பாயை விரித்து ஓர் இலையைப் போட்டாள். ஒரே ஓர் இலை.

"நீங்கள் இருங்கோ" என்றாள் என்னைப் பார்த்து.

"மச்சான் இருக்கட்டும், நான் பிறகு..."

"அவர் பிறகு. முதல்லை நீங்கள் சாப்பிட்டுப்போட்டு என்ன எண்டு சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு அவர் கை நனைக்கிறதோ இல்லையோ எண்டு பாப்பம்."

விருந்தாளி நிற்க வீட்டுக்காரன் முதலில் உட்கார்ந்து சாப்பிடுவது எங்களிடம் பெரிய வெட்கக்கேடு. அது அவளுக்கும் தெரியும். மச்சான் இதை எதிர்பார்க்கவில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் அவளைத் தடுக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். என் மனைவி குசினி வாசலில் நின்றாள்.

நான் உட்கார்ந்தேன். புட்டு வந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது. கத்தரிக்காய்க் குழம்பை விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். இத்தனை பயத்திலும் அது எவ்வளவு நல்ல சாப்பாடு என்று தெரிந்தது. மா வறுத்த வாசமும் பொரித்த கத்தரிக்காயும் தேங்காய்ப்பூவும் ஒன்றோடொன்று அப்படிச் சேர்ந்திருந்தன.

புகழ்ந்து சொல்ல எனக்கு உடனே நாலு வார்த்தை வந்தது. எல்லாம் கேட்பவர்கள் கைதட்டுகிற மாதிரியான வார்த்தைகள். அவற்றை விழுங்கினேன்.

"அண்டைக்கு நான் சொன்னது பிழை, தங்கச்சி. வந்து சொல்லாமல் இருந்தது அதைவிடப் பிழை."

சொல்லும்போது இலையைத்தான் பார்த்தேன்.

"கேக்கேல்லை" என்றாள் அவள்.

"சத்தமாச் சொல்லு மச்சான்" என்றார் மச்சான் பின்னாலிருந்து. "நீ வாத்தியெல்லே? பின் வாங்கிலை இருக்கிற பெடியனுக்கும் கேக்கவேணும்."

நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, திரும்பச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்டைக்கு எத்தினை பேரோடை வாறன் எண்டு சொல்லி விட்டனீங்கள்?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"ரெண்டு பேரோடை. எத்தினை பேரோடை வந்தனீங்கள்?"

மனதுக்குள் எண்ணினேன். "ஆறு."

"உங்களோடை ஏழு. மூண்டு பேருக்கு வறுத்து வைச்ச மா. அது முடிய, பக்கத்து வீட்டை ஓடிப்போய் வாங்கினது பச்சை மா. வறுக்கிறதுக்கு நேரம் ஏது? நீங்கள் எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டு இருக்கிறியள். பச்சை மாவுக்குக் கொதிதண்ணி விட்டா என்ன வரும்?"

"கல்லுத்தான் வரும்" என்றாள் என் மனைவி குசினி வாசலிலிருந்து. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் சிரித்தது மச்சான். கதவு நிலையில் தலையைச் சாய்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு அவர் மனைவியும் சிரித்தாள். "இலையைப் போடு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, அவரே செம்பை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்க் கை கழுவினார். என் மனைவிக்கு இலை எது, பாய் எது என்று தெரியவில்லை. இரண்டு இலையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள்.

பகிடி பிழையாக இருக்கலாம், ஆனால் விஷயம் உண்மைதானே என்று ஒன்பது வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் புட்டு இறுகியதற்கும் நானே காரணம் என்று அன்றுதான் தெரிந்தது. கணிதம் படிப்பிக்கிறவனுக்கு இரண்டுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிருக்கிறது.

மன்னிப்புக் கேட்கலாம், பட்டத்தைத் திருப்பி எடுக்க முடியாது. தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்க, வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம். கொடிகாமத்தில் அந்தச் சனநெரிசலில் மச்சான் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை பிடிபடவில்லை. மச்சானின் பெயரைச் சொல்லி ஒருவரிடம் விசாரித்தேன். அவர் யோசித்துவிட்டு, "கல்லுப்புட்டு வீட்டையோ கேக்கிறியள்?" என்றார். ஓம் என்று சொல்லவேண்டியிருந்தது. என் மனைவி பக்கத்தில் பையோடு நின்றாள். அந்த வீட்டில்தான் நாங்கள் ஐந்து மாதம் இருந்தோம்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள். மச்சான் கத்தரிக்காய்க் குழம்பை மூன்று தரம் வாங்கினார்.

"அம்மா வைக்கிற மாதிரியே இருக்கு" என்றார்.

"அம்மா இதுக்குப் பெருஞ்சீரகம் போடமாட்டா, அண்ணை."

"போடுவா. உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாதோ? அம்மியடியிலை நிண்டது நானோ நீங்களோ?"

அம்மா போட்டாளா இல்லையா என்று சாப்பாடு முடியும்வரை அண்ணனும் தங்கச்சியும் சண்டை பிடித்தார்கள். நடுவில் நான் எழும்பிச் சொதி ஊற்றினேன். பிறகு பெண்கள் இருவரும் குசினியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அது முடிய இரண்டு மணித்தியாலம் ஆனது. நான் கிணற்றடியில் சட்டிகளைச் சாம்பல் போட்டு மினுக்கினேன். மச்சான் எனக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றினார்.

நாலு மணிக்கு வெளிக்கிட்டார்கள். கரியரில் ஏறும்போது அவள், "அடுத்த மாசம் நீங்கள் வரவேணும், அண்ணை. எத்தினை பேர் எண்டு முதலே சொல்லி விடுங்கோ" என்றாள்.

சைக்கிள் மறையும்வரை என் மனைவி படலையில் நின்றாள்.

"சந்தோசமோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றாள். உண்மையாகவே சந்தோசமாகத்தான் இருந்தாள். படலையைச் சாத்தியபடி, "ஒன்பது வருசம்" என்றாள். அவ்வளவுதான். அவள் அதை வேறு எப்போதும் சொல்லவில்லை.

மிஞ்சிய புட்டை மாலையில் மாம்பழத்தோடு பிசைந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். ஆறி நாலைந்து மணித்தியாலம் ஆகியும் அது இறுகவில்லை. "மச்சாளின்ரை கை நல்ல கை" என்று சொல்லிக்கொண்டு, என் இலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டாள்.